செசபீக் கழுகுகள்: கூட்டை எண்ணினால் போதாது, குஞ்சையும் எண்ண வேண்டும்

வர்ஜீனியாவுக்குக் குடிவந்து இரண்டு வருடம் ஆன நண்பர் ஒருவர் கேட்டது இது: "ஜேம்ஸ் ஆற்றில் படகில் போனால் திரும்பிய பக்கமெல்லாம் வெண்தலைக் கழுகு. ஐம்பது வருடத்துக்கு முன்னால் இந்த ஆற்றில் ஒரு ஜோடிகூட இல்லையாம். அதே சமயம், இப்போது ஒரு கூட்டில் தேறும் குஞ்சுகள் குறைந்துகொண்டே வருகின்றன, மறுபடியும் பழைய கதைதான் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். எதை நம்புவது?"

இரண்டு தகவலும் சரி. 'பழைய கதை' என்ற முடிவுதான் தவறு. ஏன் தவறு என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் விரிவாகப் போக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். பதினெட்டு வருடமாக இந்த ஆற்றங்கரையில் இருக்கிறேன். ஒவ்வொரு குளிர்காலமும் இரண்டு கூடுகளைத் தொலைநோக்கி வைத்துப் பார்த்துக் குறிப்பெழுதி வருகிறேன். அதனால் இந்தக் கேள்வி எனக்கு நெருக்கமானது.

முதலில் பெயர். தமிழில் சிலர் இதை வழுக்கைக் கழுகு என்று எழுதுகிறார்கள். அந்தப் பறவையின் தலையில் வழுக்கை எதுவும் கிடையாது, பஞ்சு போல வெள்ளை இறகு அடர்ந்திருக்கும். ஆங்கிலப் பெயரில் இருக்கும் அந்தச் சொல்லுக்குப் பழைய நாளில் வெள்ளை என்ற பொருளும் இருந்தது. ஆகவே வெண்தலைக் கழுகு என்பதே பொருத்தம். அந்த வெள்ளைத் தலை வருவதற்கே நாலைந்து வருடம் ஆகும். அதுவரை உடம்பு முழுக்கக் கரும்பழுப்பாக, ஆங்காங்கே வெள்ளைத் திட்டுகளோடு இருக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் அதை வேறு இனம் என்றே நினைத்துவிடுவார்கள்.

அடுத்து இடம். செசபீக் விரிகுடா அமெரிக்காவின் மிகப் பெரிய கழிமுகம். வடக்கே சஸ்குவஹானா ஆறு வந்து விழும் இடத்திலிருந்து தெற்கே அட்லாண்டிக் கடல் வரை சுமார் 320 கிலோமீட்டர் நீளம். மேற்கிலிருந்து பொட்டோமாக், ரப்பஹானக், யார்க், ஜேம்ஸ் என்று ஆறுகள் வந்து சேர்கின்றன. கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கும் ரிச்மண்ட் நகரம் வரை ஜேம்ஸ் ஆற்றில் கடல் ஓதம் ஏறி இறங்கும். ஆனால் அங்கே தண்ணீர் உப்பில்லாத நல்ல தண்ணீர். கீழே போகப்போக உப்புக் கூடிக்கொண்டே போகும். இந்த உப்புக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, இப்போது பழைய கதை. அது செசபீக்கில் தொடங்கவில்லை, ஃபுளோரிடாவில் தொடங்குகிறது. சார்லஸ் ப்ரோலி என்று ஒரு கனடாக்காரர். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். 1939இல், அறுபது வயதை ஒட்டிய காலத்தில், ஃபுளோரிடாவின் மேற்குக் கரையில் கழுகுக் கூடுகளுக்கு ஏறி, குஞ்சுகளின் காலில் வளையம் போடத் தொடங்கினார். கயிற்று ஏணி கட்டி உயரமான பைன் மரங்களில் ஏறுவார். அவர் போட்ட வளையங்களால்தான் ஒரு விஷயம் தெரியவந்தது: ஃபுளோரிடாவில் பிறக்கும் இளம் கழுகுகள் கோடையில் வடக்கு நோக்கிக் கிளம்பி, செசபீக்கையும் தாண்டி, கனடா வரை போகின்றன. இன்றும் ஜூன் மாதம் நம் ஆற்றில் தென்படும் கரும்பழுப்புக் கழுகுகளில் தெற்கிலிருந்து வந்தவை கணிசமாக உண்டு.

ஆரம்ப வருடங்களில் ப்ரோலி ஒரு பருவத்தில் நூறுக்கும் மேற்பட்ட குஞ்சுகளுக்கு வளையம் போட்டார். 1947இலிருந்து கூடுகள் பொய்க்க ஆரம்பித்தன. பெரிய பறவைகள் இருந்தன, கூடு கட்டின, அடைகாத்தன, ஆனால் குஞ்சு இல்லை. 1958இல் 100 மைல் கடற்கரையைச் சுற்றி வந்து ஒரே ஒரு குஞ்சுக்குத்தான் அவரால் வளையம் போட முடிந்தது.

இங்கேதான் கவனிக்க வேண்டும். வெண்தலைக் கழுகு இருபது, முப்பது வருடம் வாழக்கூடியது. ஒரு ஜோடி பிடித்த இடத்தை லேசில் விடாது. குஞ்சே பிறக்காவிட்டாலும், அதே மரத்தில் அதே ஜோடி வருடா வருடம் வந்து உட்காரும். கரையில் நின்று பார்ப்பவருக்கு எல்லாம் நன்றாக இருப்பதாகவே தோன்றும். கூட்டை மட்டும் எண்ணினால் 1950களின் தொடக்கத்தில் பெரிய வீழ்ச்சி எதுவும் கண்ணில் பட்டிருக்காது. கிழடுகள் ஒவ்வொன்றாகச் சாகச் சாக, அந்த இடத்துக்கு வர இளையது இல்லாமல் போகும்போதுதான் கூடு காலியாகும். அதற்குள் பதினைந்து, இருபது வருடம் ஓடிவிடும். ப்ரோலி குஞ்சை எண்ணியதால் முன்கூட்டியே கண்டுபிடித்தார்.

காரணம் டிடிடி என்ற பூச்சிக்கொல்லி என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். 1945க்குப் பிறகு வயலிலும், கொசுவுக்காகக் கடலோரச் சதுப்புகளிலும் அது தாராளமாகத் தெளிக்கப்பட்டது. மண்ணில் விழுந்தது மழையில் கழுவப்பட்டு ஆற்றுக்கு வந்தது. நுண்ணுயிரிலிருந்து சிறுமீனுக்கும், சிறுமீனிலிருந்து பெருமீனுக்கும் போய், ஒவ்வொரு படியிலும் செறிவு கூடி, கடைசியில் மீன் தின்னும் பறவையின் கொழுப்பில் தங்கியது. உடம்புக்குள் அது டிடிஈ என்ற பொருளாக மாறும். அந்த டிடிஈ, முட்டை ஓடு உருவாகும் இடத்துக்குக் கால்சியம் போய்ச் சேருவதைக் கெடுக்கிறது. ஓடு மெலிகிறது. நாலைந்து கிலோ எடையுள்ள தாய் மேலே உட்கார்ந்ததும் நொறுங்கிவிடுகிறது. உடையாமல் தப்பியவற்றிலும் பல பொரிக்கவில்லை.

இதை நிரூபித்த விதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பறவை முட்டை சேகரிப்பது பலருக்குப் பொழுதுபோக்கு. முட்டையில் சிறு துளை போட்டு, உள்ளே இருப்பதை வெளியே எடுத்துவிட்டு, மிஞ்சும் வெற்று ஓடுகளைப் பஞ்சில் வைத்து, இடமும் தேதியும் எழுதி அலமாரியில் பூட்டி வைப்பார்கள். கூடுகளைச் சூறையாடிய பழக்கம்தான், நல்லது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பிரிட்டனில் டெரிக் ராட்க்ளிஃப் என்ற ஆய்வாளர் அந்தப் பழைய ஓடுகளை எடுத்து எடைபோட்டு, அளந்து, புதிய ஓடுகளோடு ஒப்பிட்டார். 1940களின் பின்பகுதியில் ஓட்டின் கனம் திடீரென்று இறங்கியிருந்தது. அதை 1967இல் வெளியிட்டார். அடுத்த வருடமே அமெரிக்காவில் ஜோசஃப் ஹிக்கியும் டேனியல் ஆண்டர்சனும் இங்குள்ள அருங்காட்சியக ஓடுகளில் அதே சரிவைக் காட்டினார்கள், அதில் வெண்தலைக் கழுகும் அடக்கம். முட்டைக்குப் பக்கத்தில் தேதி எழுதி வைத்த யாரோ ஒருவரின் ஒழுங்கு, அரை நூற்றாண்டு கழித்து ஒரு இனத்தைக் காப்பாற்ற உதவியது. நான் கூட்டுக் குறிப்பில் தேதியும் நேரமும் விடாமல் எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அமெரிக்காவின் கீழ் 48 மாநிலங்களில், அதாவது அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலாக, 1963 கணக்கெடுப்பில் கண்டறியப்பட்டவை கூடு கட்டிய 417 ஜோடிகள் மட்டுமே. 1972இல் டிடிடி தடை வந்தது.

ஜேம்ஸ் ஆற்றுக்கு அதைவிடக் கூடுதலாக ஒரு அடி விழுந்தது. ஹோப்வெல் ஊரில் கீபோன் என்ற பூச்சிக்கொல்லி செய்த தொழிற்சாலையிலிருந்து கழிவு ஆற்றில் கலந்திருந்தது 1975இல் வெளியே வந்தது. வேலைசெய்தவர்களுக்குக் கை நடுங்கியது, நரம்புத் தளர்ச்சி வந்தது. ஆற்றில் மீன்பிடிப்பே தடைசெய்யப்பட்டது, அந்தத் தடை முழுதாக நீங்கப் பத்து வருடத்துக்கும் மேல் ஆனது. நீங்கள் கேள்விப்பட்டது இந்தக் காலத்தைப் பற்றித்தான். 1970களின் நடுவில் ஜேம்ஸ் ஆற்றில் கூடு கட்டிய கழுகு ஜோடி பூஜ்யம். அதே ஆற்றில் இன்று இருநூறுக்கும் மேல்.

விரிகுடா முழுவதற்குமான கணக்கு இன்னும் துல்லியமாக இருக்கிறது. அதற்கு நன்றி சொல்ல வேண்டியது விமானத்தில் பறந்து எண்ணியவர்களுக்கு. வில்லியம் அண்ட் மேரி கல்லூரியின் மிட்செல் பேர்ட், அவரோடு சேர்ந்தும் பிறகு தொடர்ந்தும் பிரையன் வாட்ஸ், மேரிலாந்து பக்கம் க்ளென் தெரஸ் போன்றவர்கள். இறக்கை மேலே பொருத்திய சிறிய செஸ்னா விமானத்தில் மரத்தின் உச்சியை ஒட்டித் தாழப் பறந்து, கரையோரம் முழுக்க வளைந்து வளைந்து போவார்கள். குளிர்காலக் கடைசியில் முதல் சுற்று, எந்தக் கூட்டில் அடைகாக்கிறது என்று பார்க்க. வசந்தத்தில் இரண்டாவது சுற்று, எத்தனை குஞ்சு என்று எண்ண. இதை வருடா வருடம், பல பத்தாண்டுகள் விடாமல் செய்தார்கள்.

1977இல் அவர்கள் எண்ணியது 73 ஜோடி. 2001இல் 601. சராசரியாக எட்டு வருடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பு. அந்த 25 வருடத்தில் கூடு கட்டிய 5,685 முயற்சிகளிலிருந்து 7,590 குஞ்சுகள் தேறின. அவற்றில் பாதிக்கு மேல் கடைசி ஆறு வருடத்தில் மட்டும் பிறந்தவை. கடன் வட்டி மாதிரி, தொடக்கத்தில் அசையாமல் நிற்பது போல் இருந்து, பிறகு மளமளவென்று ஏறியது.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு இரண்டு எண்கள். கணக்கெடுப்பின் முதல் ஐந்து வருடத்தில் கூடு கட்டும் ஒரு முயற்சிக்குச் சராசரியாக 0.82 குஞ்சு. கடைசி ஐந்து வருடத்தில் 1.50. குஞ்சு ஒன்றாவது தேறிய கூடுகள் 54.4 விழுக்காட்டிலிருந்து 80.1க்குப் போயின. ஒரு கழுகுக் கூட்டம் குறையாமல் நிலைத்து நிற்க ஜோடிக்குச் சுமார் 0.7 குஞ்சு வேண்டும் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. அப்படியானால் 1977இல் 73 ஜோடி என்று படுமோசமாக இருந்தபோதே, குஞ்சுக் கணக்கு கோட்டுக்கு மேலே வந்துவிட்டது. கூடு குறைவு, ஆனால் நோய் தீர ஆரம்பித்துவிட்டது. ப்ரோலி பார்த்தது நேர் எதிர்: கூடு நிறைய, ஆனால் உள்ளே நோய்.

டிடிடியை நிறுத்தியது ஒன்றே இதைச் செய்துவிட்டதா என்றால், இல்லை. அது இல்லாமல் எதுவும் நடந்திருக்காது, அது மட்டும் போதவும் இல்லை. 1940இலேயே கழுகைச் சுடுவதைத் தடுக்கும் சட்டம் வந்துவிட்டது, பின்னால் அழியும் இனங்கள் பட்டியலிலும் சேர்ந்தது. பொட்டோமாக் கரையில் மேசன் நெக் என்ற இடத்தில் 1969இல் ஒரு சரணாலயம் அமைத்தார்கள், நாட்டிலேயே வெண்தலைக் கழுகுக்கென்று அமைந்த முதல் தேசியச் சரணாலயம் அது. கார்போஃபுரான் என்ற இன்னொரு வயல் மருந்து இருந்தது. அதன் குருணையை விதை என்று நினைத்துச் சிறுபறவைகள் தின்று விழ, விழுந்ததைத் தின்ற கழுகுகளும் செத்தன. வர்ஜீனியாவில் அந்தக் குருணைக்கு 1991இல் தடை வந்தது. கூட்டு மரத்தைச் சுற்றி 330 அடி, 660 அடி என்று வட்டம் போட்டு, அதற்குள் எந்த மாதத்தில் எந்த வேலை செய்யலாம் என்று வரையறுத்தார்கள். காட்டை வெட்டுபவரும் வீடு கட்டுபவரும் அந்த வட்டத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டியிருந்தது. 2007இல் அழியும் இனங்கள் பட்டியலிலிருந்து கழுகை எடுத்தபோது கீழ் 48 மாநிலங்களில் 9,789 ஜோடிகள். 2021இல் வந்த மதிப்பீட்டில் 71,467 ஜோடிகள்.

இனி நீங்கள் கேட்ட இரண்டாவது பாதி. ஒரு கூட்டில் தேறும் குஞ்சு ஏன் குறைகிறது?

போன வருடம் மார்ச் மாதம் நான் பார்த்த ஒரு காலையைச் சொல்கிறேன். லோப்லோலி பைன் மரத்தில், முக்கால் உயரத்துக்கு மேல், கவட்டையில் கட்டிய கூடு. ஆறாவது வருடமாக அதே கூடு. ஒவ்வொரு வருடமும் புதிதாகச் சுள்ளி வைத்து வைத்து ஒரு கட்டில் அளவுக்கு வந்துவிட்டது. தாய்ப்பறவை கூட்டின் விளிம்பில் நின்றபடி, உள்ளே குனிந்து ஊட்டிக்கொண்டிருந்தது. சாம்பல் நிறத்தில் இரண்டு தலைகள் விளிம்புக்கு மேலே ஆடின. ஆண்பறவை ஆற்றிலிருந்து ஒரு கெளுத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தது. கூட்டுக்கு ஐம்பது அடி இருக்கும்போது மேலே மூன்றாவது கழுகு ஒன்று வட்டமிட்டது. வெள்ளைத் தலை, முழு வளர்ச்சி பெற்ற பறவை. ஆண்பறவை மீனைக் கீழே போட்டுவிட்டு அதன்மேல் பாய்ந்தது. தாய் ஊட்டுவதை நிறுத்திவிட்டு, கழுத்தை நீட்டிக் கீச்சுக் குரலில் கத்தத் தொடங்கியது. இவ்வளவு பெரிய பறவைக்கு அவ்வளவு மெல்லிய குரல்! துரத்தல் முடிந்து ஆண்பறவை திரும்ப இருபது நிமிடம் ஆனது. வந்து பக்கத்துக் கிளையில் உட்கார்ந்துகொண்டு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. மீன்பிடிக்கப் போகவில்லை. அடுத்த மீன் வர மதியம் ஆகிவிட்டது. அதுவரை குஞ்சுகள் காத்திருந்தன. அந்தக் கூட்டில் கடைசியில் பறந்தது ஒன்றுதான்.

அந்த மூன்றாவது கழுகு யார்? கூடு கட்ட வயதும் தெம்பும் இருந்தும் இடம் கிடைக்காதது. நல்ல கரையெல்லாம் ஏற்கெனவே ஒவ்வொரு ஜோடியின் பிடியில் இருக்கிறது. ஆகவே இவை சுற்றித் திரிந்து, எங்கே ஒரு ஆண் அல்லது பெண் தளர்கிறது, எந்த இடத்தைப் பிடிக்கலாம் என்று பார்த்துக்கொண்டே இருக்கும். கூட்டம் சிறியதாக இருந்தபோது இவற்றின் தொல்லை அபூர்வம். இப்போது காவல் காப்பதே பெற்றோருக்குப் பெரிய வேலை. காவலுக்குப் போகும் நேரம் மீன்பிடிக்கும் நேரத்திலிருந்துதான் கழிகிறது. ஊட்டம் குறையும்போது இரண்டு குஞ்சில் இளையது தளர்ந்துபோகும். வாட்ஸின் குழு ஜேம்ஸ் ஆற்றிலும் அக்கம்பக்கத்திலும் நடத்திய ஆய்வுகள் சொல்வது இதையேதான்: நெரிசல் கூடக் கூட ஊடுருவல் கூடுகிறது, குஞ்சு குறைகிறது.

ஆகவே 1950களில் நடந்ததும் இப்போது நடப்பதும் எண்ணளவில் ஒரே மாதிரி தெரிந்தாலும் இரண்டும் வேறு. அப்போது இடம் காலியாக இருந்தும் குஞ்சு பிறக்கவில்லை. இப்போது இடம் நிரம்பியதால் குஞ்சு குறைகிறது. அப்போது முட்டை உடைந்தது. இப்போது முட்டை நன்றாகப் பொரிக்கிறது, ஊட்டுவதில்தான் தட்டுப்பாடு. அப்போது கணக்கு பூஜ்யத்தை நோக்கி விழுந்தது. இப்போது உச்சத்திலிருந்து இறங்கினாலும் கூட்டத்தைத் தாங்கும் அந்த 0.7க்கு மேலேயே இருக்கிறது. நீங்கள் கேள்விப்பட்ட நபர் குஞ்சுக் கணக்கைப் பார்த்தது சரி, அதுவரை பாராட்டுகிறேன். ஆனால் பக்கத்திலேயே கூடுகளின் கணக்கையும் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்தால் அது நம்மை ஏமாற்றிவிடும்.

உப்புக் கணக்கு தேவைப்படும் என்றேனே, அதற்கு வருவோம். கழுகுகள் விரிகுடா முழுக்கச் சமமாகப் பரவியிருக்கவில்லை. ஓதம் வந்துபோகும், ஆனால் உப்பில்லாத மேல் ஆற்றுப் பகுதிகளில்தான் அடர்த்தி அதிகம். அங்கே மீன் அதிகம் என்பதே காரணம். குஞ்சு வளரும் அதே வசந்த காலத்தில் கடலிலிருந்து முட்டையிட ஆற்றுக்கு ஏறிவரும் மீன்கள் உண்டு. நம்மூர் உல்லத்தின் உறவான கிசார்ட் ஷாட் அங்கேயே கொழிக்கும். அதோடு 1970களில் மிசிசிப்பி பக்கத்திலிருந்து கொண்டுவந்து ஜேம்ஸிலும் ரப்பஹானக்கிலும் விட்ட நீலக் கெளுத்தி இன்று இந்த ஆறுகளை நிரப்பிவிட்டது. ஆற்றின் சொந்த மீன்களுக்கும் நண்டுக்கும் அது பெரிய தொல்லை. ஆனால் கழுகுக்கு அது சோறு. மரத்தடியில் கிடக்கும் மீன் எலும்புகளைப் பார்த்தால் கெளுத்தியின் முள் தனியாகத் தெரியும்.

இதைப் புரிந்துகொள்ள, மீன் பிடித்துத் தின்னும் இன்னொரு வேட்டைப் பறவையான விராலடிப்பானைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. குளிர்காலத்தில் பழவேற்காடு, கோடியக்கரை பக்கம் வரும் அதே இனம்தான். செசபீக்கில் அது படகு வழிகாட்டிக் கம்பங்களின் உச்சியில் கூடு கட்டும். டிடிடி காலத்தில் அதற்கும் அடி விழுந்தது, பிறகு அதுவும் மீண்டது, கழுகைவிடப் பெரிய எண்ணிக்கையில். ஆனால் விரிகுடாவின் கீழ்ப்பகுதியில், உப்பு அதிகமான மாப்ஜாக் விரிகுடாவில், சமீப வருடங்களில் அதன் குஞ்சுக் கணக்கு டிடிடி காலத்தைவிடக் கீழே போய்விட்டது. விராலடிப்பான் உயிருள்ள மீனைத் தவிர வேறெதையும் தொடுவது அபூர்வம். அந்தப் பகுதியில் அதன் முக்கிய உணவு மென்ஹேடன், மத்திக்கு உறவான மீன். குஞ்சுகள் பட்டினியால் சாகின்றன, மென்ஹேடன் போதவில்லை என்கிறது வாட்ஸின் குழு. மீன்பிடித் தொழில் தரப்பு அதை ஏற்கவில்லை, வாதம் நடக்கிறது. அங்கே கூடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன, பெரிய பறவைகள் கம்பத்துக்குக் கம்பம் உட்கார்ந்திருக்கின்றன. ப்ரோலி பார்த்த காட்சிக்கு நெருக்கமானது இதுதான். பழைய கதை என்று ஒருவர் கவலைப்பட வேண்டுமானால், அவர் பார்க்க வேண்டிய பறவை விராலடிப்பான்.

கழுகோ எதையும் தின்னும். செத்த மான், வாத்து, ஆமை, விராலடிப்பானிடம் பிடுங்கிய மீன், எதற்கும் மறுப்பில்லை. அதனால்தான் அது தாக்குப்பிடிக்கிறது. அதே பழக்கம் அதற்கு ஒரு ஆபத்தையும் கொண்டுவருகிறது. வேட்டைக்காரர்கள் மானைச் சுட்டு, வயிற்றுப் பகுதியைக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். ஈயத் தோட்டாவின் துகள்கள் அதில் சிதறியிருக்கும். கழுகு அதைத் தின்கிறது. 38 மாநிலங்களில் வெண்தலைக் கழுகும் பொன்னிறக் கழுகுமாக 1,210 பறவைகளைப் பரிசோதித்து 2022இல் வெளியான ஆய்வில், கிட்டத்தட்ட பாதிக் கழுகுகளின் எலும்பில் நாள்பட்ட ஈய நஞ்சு இருந்தது. வெண்தலைக் கழுகுகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் வளரும் வேகத்தை அது 3.8 விழுக்காடு இழுத்துப் பிடிக்கிறது என்று கணித்தார்கள். நீர்ப்பறவை வேட்டையில் ஈயக் குண்டு 1991இலேயே நாடு முழுக்கத் தடைசெய்யப்பட்டுவிட்டது, மான் வேட்டையில் இன்னும் பெரும்பாலும் வேட்டைக்காரரின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறார்கள். செம்புத் தோட்டா கடையில் கிடைக்கிறது. என் பக்கத்து வீட்டுக்காரர் நான் கேட்டுக்கொண்ட பிறகு அதற்கு மாறினார். கொஞ்சம் விலை அதிகம், வேறு குறை எதுவும் சொல்லவில்லை.

அதைவிட எனக்குக் கவலை தருவது கரை. 2001 வரையான கணக்கை வைத்து எழுதிய ஆய்விலேயே வாட்ஸும் மற்றவர்களும் இதைச் சொல்லிவிட்டார்கள்: இனிமேல் செசபீக் கழுகுகளின் எண்ணிக்கையை முடிவு செய்யப்போவது கட்டடம் வராத நீர்க்கரை எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதுதான். ஆற்றைப் பார்த்த வீடு எல்லோருக்கும் வேண்டும். கழுகுக்கும் ஆற்றைப் பார்த்த, முதிர்ந்த, தனித்து உயர்ந்த மரம்தான் வேண்டும். இரண்டு பேரும் கேட்பது ஒரே துண்டு நிலம். சில ஜோடிகள் பழகிக்கொண்டு வீட்டுத் தோட்டத்து மரத்திலேயே கட்டுகின்றன, உண்மைதான். ஆனால் எல்லாம் அப்படிப் பழகும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. மேலும் 2007க்குப் பிறகு பாதுகாப்பு தளர்ந்திருக்கிறது. கழுகைக் கொல்வதும் தொந்தரவு செய்வதும் இன்னும் குற்றம்தான், ஆனால் இன்று கூடு இல்லாத கரைக் காட்டைக் காக்க அந்தச் சட்டத்தால் அதிகம் முடியாது. நாளைக்குக் கூடு வர வேண்டிய மரம் அங்கேதான் நிற்கிறது.

மேரிலாந்தின் பிளாக்வாட்டர் சரணாலயத்துக்குப் போனால் இன்னொரு பக்கம் தெரியும். கடல்மட்டம் ஏறி, நிலம் தாழ்ந்து, 1930களிலிருந்து 5,000 ஏக்கருக்கும் மேல் சதுப்பு நீராகிவிட்டது. உப்புத் தண்ணீர் வேரில் ஏறிய பைன் மரங்கள் பட்டை உதிர்ந்து வெள்ளை எலும்பாக வரிசை வரிசையாக நிற்கின்றன. செத்த மரத்தில் கழுகு உட்காரும், சில வருடம் கூடும் வைக்கும். ஒரு புயலில் மரம் சாயும்போது கூடும் போகும்.

நல்ல செய்தியும் உண்டு. ரப்பஹானக் ஆற்றங்கரையில் ஃபோன்ஸ் கிளிஃப்ஸ் என்று வெளிர்நிற மண்குன்றுகள் நீருக்கு நேர் மேலே நிற்கும். இடம்பெயரும் கழுகுகள் நூற்றுக்கணக்கில் கூடும் இடம் அது. பெரிய குடியிருப்பு வரப்போகிறது என்று பல வருடம் பேச்சு. 2022இல் அதில் 465 ஏக்கர் ரப்பஹானக் பழங்குடியினரின் கைக்குத் திரும்பி வந்தது, நிரந்தரப் பாதுகாப்போடு. அவர்களுடைய முன்னோர்களின் ஊர்கள் இருந்த இடம். அங்கே படகில் போய் அண்ணாந்து பார்த்தால் மனம் நிறைந்துவிடும், போய் வாருங்கள்.

நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ள விரும்பினால், ஜனவரிக் கடைசியில் தொடங்குங்கள். கூட்டில் வெள்ளைத் தலை மட்டும் விளிம்புக்கு மேலே தெரிந்து, பறவை அசையாமல் தாழ்ந்து உட்கார்ந்திருந்தால் முட்டை இருக்கிறது. சுமார் 35 நாளில் பொரிக்கும். பிறகு பார்த்தால் அதே பறவை கொஞ்சம் உயர்ந்து, இறக்கையை லேசாகத் தளர்த்தி உட்கார்ந்திருக்கும், அடிக்கடி குனியும். அது குஞ்சு வந்துவிட்டதற்கு அடையாளம். ஏப்ரல் நடுவில் தலைகளை எண்ண முடியும். பதினோரு, பன்னிரண்டு வாரத்தில் பறந்துவிடும். குறைந்தது இருநூறு மீட்டர் தள்ளி நின்று பாருங்கள், பறவை எழுந்து நின்று உங்களையே பார்த்தால் இன்னும் பின்னால் போங்கள். தேதி, நேரம், பெரிய பறவை எத்தனை, குஞ்சு எத்தனை, வெளிக்கழுகு எத்தனை முறை வந்தது என்று ஐந்தையும் எழுதுங்கள். ஐந்தாவதைப் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். என் பழைய குறிப்பேடுகளிலும் முதல் ஏழு வருடம் அந்தப் பத்தி காலியாகவே இருக்கிறது.